பிரதிவாதி: ஆறு

சம்மனில் பிரதிவாதி என்ற இடத்தில் 'ஆறு' என்று மட்டும் இருந்தது.

"மத்த அஞ்சு பேர் எங்க சார்?" என்று கேட்டார் கோர்ட் அமீனா. சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை.

பெரிய குமாஸ்தா சிரித்தார். "ஆறு பேர் இல்லய்யா. ஆறுதான் பிரதிவாதி. ஓடுதே, அது."

ஆறும் சட்டப்படி ஓர் ஆள், அதற்கும் உரிமை உண்டு என்று போன வருடம் பெரிய கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது. இனி சாய ஆலை கழிவை விட முடியாது என்று கரையோர ஜனங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அமீனாவின் அக்கா வீடும் அந்தக் கரையில்தான். ஆலை வக்கீல் அதே தீர்ப்பை வேறு மாதிரி படித்தார். ஆள் என்றால் வழக்குப் போடலாமே. மழையில் ஆறு ஆலைக் கிடங்குக்குள் அத்துமீறி நுழைந்ததாம். அதைக் குழாய்க்குள் அடைத்து, கரையைக் காலி செய்து தர வேண்டுமாம்.

"ஆத்துக்குக் காப்பாளர்னு ஒரு ஆபீசரைப் போட்டாங்களே?"

"மாத்தலாகி எட்டு மாசம் ஆச்சு. நாற்காலி காலி. நீ கரையில ஒட்டிட்டு வா. வாய்தாவுக்கு ஆறு வரலேன்னா ஒருதலையா தீர்ப்பு."

"வந்தா மட்டும் உள்ள விடுவீங்களா?"

"மிதியடில காலைத் துடைச்சிட்டு வரச் சொல்லு."

அன்றைக்கு ஆறு ஊதாவாக இருந்தது. முந்தின நாள் பச்சை. செத்த மீன்கூட மிதக்கவில்லை. சாவதற்கு மீன் வேண்டுமே. அமீனாவுக்குத் தண்ணீரைவிடக் கையிலிருந்த தாள் அதிகம் நாறுவதுபோல் இருந்தது.

அக்கா முழங்கைச் சொறியைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். "என்னடா பசை டப்பாவோட? சினிமா போஸ்டர் ஒட்டற வேலைக்குப் போயிட்டியா?"

"இதை ஒட்டினா உன் வீடு போயிடும்க்கா."

"ஒட்டாட்டி உன் வேலை போயிடும்."

கோர்ட்டுக்குத் திருப்பித் தரவேண்டிய அறிக்கைத் தாளில் நான்கு கட்டங்கள். பெற்றுக்கொண்டார். வாங்க மறுத்தார். வீடு பூட்டியிருந்தது. இறந்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு பொய் டிக் போட்டதில்லை. செத்தவர்மேல் ஒருதலைத் தீர்ப்பு சொல்ல முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். நான்காவது கட்டத்தில் டிக் போட்டார்.

"சாட்சிக் கையெழுத்து வேணும்."

"குடு," என்றாள் அக்கா. "என் கண்ணு முன்னாடிதானே செத்துது."

பத்து நாளில் பெரிய குமாஸ்தா கூப்பிட்டார். ஆலை வக்கீல் ஆட்சேபிக்கவே இல்லையாம். இறப்பைப் பதிவு செய்யச் சொன்னாராம். நீதிபதியும் செய்துவிட்டார்.

"அப்ப வழக்கு முடிஞ்சுதா சார்?"

"ஆள் செத்தா வழக்கு எப்படிய்யா முடியும்? வாரிசைச் சேக்க வேண்டாமா? அந்தத் தண்ணியை அனுபவிச்ச கரைக்காரங்க எல்லாரும் வாரிசாம்." ஒரு காகிதக் கட்டைத் தள்ளினார். "நூத்திப் பன்னெண்டு சம்மன். முதல் பேரு, சாட்சி போட்ட அந்தம்மா. சாவைக் கூட இருந்து பாத்தவங்க நெருங்கின சொந்தமாத்தான் இருக்கணும்னாரு வக்கீல்."

யாரும் சிரிக்கவில்லையா என்று அமீனா கேட்டார். இல்லை என்றார் பெரிய குமாஸ்தா.

அக்கா சம்மனை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"எனக்கு எந்தக் கட்டம்டா?"

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். ஆற்றோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் தேடினார். எதிரே அவ்வளவு தண்ணீர்.

திரும்பி வந்தபோது அவளே முதல் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"கடைசிக் கட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கு. நீ போ, பக்கத்து வீட்டுக்காரன் வேலைக்குக் கிளம்பிடப்போறான்."

"வாய்தாவுக்கு வருவியாக்கா?"

அவள் செருப்பைக் கழற்றினாள். பாதம் கணுக்கால்வரை ஊதா.

"வருவேன். இந்தக் காலோட அப்படியே வருவேன்."