நீக்கப்பட்ட காரணம்

வக்கீலாகப் பதிவு செய்யும் பார் கவுன்சில் விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்வியைத் தவிர எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். முன்பு எந்த வேலையிலிருந்தாவது நீக்கப்பட்டதுண்டா, உண்டென்றால் காரணம் என்ன? முப்பத்தாறு வயதில் சட்டம் படித்து முடித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது!

செங்கல்பட்டில் வக்கீல் தெய்வநாயகி மேடத்திடம் நான் குமாஸ்தா. எனக்கு நன்னடத்தைச் சான்று தரப்போகிறவரும் அவர்தான்.

"இன்னா ஜெயப்பிரியா, பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி நடந்தது. எவன் போய் நோண்டிக்கினு இருக்கப்போறான்? இல்லைன்னு போட்டுட்டு வேலையப் பாரு."

"பொய் சொல்லித்தான் கவுன் மாட்டணும்னா எனக்கு அந்தக் கவுனே வேணாம் மேடம்."

"வாய் மட்டும் கொறைச்சலில்ல. அப்போ முழுசா எழுது. அரைகுறையா எழுதினாதான் நிறுத்தி வெப்பாங்க."

முழுதாக எழுதுவதென்றால் ஜெகதீசனைப் பற்றியும் எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் நான் ரிசப்ஷனில் இருந்தேன், அவன் சமையற்கட்டில். தூத்துக்குடியில் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று காலை வந்து நின்றான்.

"சாயங்காலம் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வா. வந்தீன்னா உங்க வூட்ல வந்து பேசறேன். வரலைன்னா புடிக்கலைன்னு நெனச்சிக்கிறேன்."

திமிரைப் பாருங்கள்! மானேஜர் பர்மிஷன் தரவில்லை. போனைக்கூட லாக்கரில் விட்டுவிட்டு, ரிசப்ஷனை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியில் திருக்கழுக்குன்றத்தில் அன்று தேர். ஊருக்கே தெரிந்த தேர் எனக்கு மட்டும் மறந்து போயிற்று. பஸ் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டது, பிளாட்பாரத்தில் டீக்காரர்தான் இருந்தார்.

மறுநாள் வேலை போயிற்று. லாக்கரிலிருந்து போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ரோஷக்காரன். நான் மட்டும் என்ன, மூன்று தடவைக்கு மேல் கூப்பிடவில்லை. போன வேலைக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. அவனை நினைக்காத நாளும் இல்லை. தெற்கே போகிற ரயிலின் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கைவேலை நின்றுவிடும்.

இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ ஸ்டேஷனுக்கு ஓடினது அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"அடிப்பாவி! பார் கவுன்சில்ல கீறவங்களுக்கெல்லாம் தெரியப்போவுது, அவனுக்குத் தெரிய வேணாமா?"

அவர் வேறெதுவும் கேட்காமல் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடையில் நான் எழுதிய அந்த இரண்டு பக்கங்களை நீட்டியதும், "எத்தினி காப்பிக்கா?" என்று கேட்டார்கள். விண்ணப்பத்தோடு வைக்க ஒன்று, ஆபீஸ் கட்டுக்கு ஒன்று.

"மூணு" என்றேன்.

மூன்றாவதை ஒரு கவரில் போட்டு அவன் பெயரை எழுதினேன். தூத்துக்குடி என்பதற்கு மேல் முகவரி எதுவும் எனக்குத் தெரியாது.