லேபிள் இல்லாத டியூப்

வார்டிலிருந்து வரும் ரத்த டியூபில் நோயாளியின் பெயர் இருக்க வேண்டும். இந்த ஒன்றுக்காக ஆறு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்து டெக்னீஷியன். ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுப்பதும் எங்கள் கூடம்தான். ஆனால் நர்ஸுக்கும் டாக்டருக்கும் உத்தரவு போட நான் யார்? எழுதிய கடிதமெல்லாம் எந்தக் குப்பைக்குப் போயிற்றோ.

"முறைச்சுக்கிட்டே இருந்தா யார் கேப்பா? நாலு பேருக்கு ஒத்தாசையா இரு. அப்புறம் உன் பேச்சுக்குத் தானா மதிப்பு வரும்" என்றார் என் கணவர். அவர் ஆபீசில் அவர் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று நான் கேட்கவில்லை.

ஒத்தாசையாக இருந்தேன். பெயரில்லாத டியூப் வந்தால் திருப்பி அனுப்பாமல், நானே வார்டுக்குப் போன் போட்டு விசாரித்து, லேபிள் எழுதி ஒட்டினேன். எல்லோருக்கும் என்னைப் பிடித்துப்போயிற்று. ஒரு நாளைக்கு ஐந்தாக இருந்த பெயரில்லாத டியூப் மூன்றே மாதத்தில் இருபதாயிற்று. வார்டு நர்ஸ் ஒரு புதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்ததை என் காதாலேயே கேட்டேன். "பேரெல்லாம் எழுதிட்டு நிக்காத. கீழ லேப் அக்கா பாத்துப்பாங்க." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இரண்டு டியூப் வந்தன. "முதல்ல இருக்கறது எட்டாம் பெட், அடுத்தது ஒன்பது" என்றாள் நர்ஸ். எழுதி ஒட்டினேன். எட்டாம் பெட்காரருக்குப் பதினொரு மணிக்கு ஆபரேஷன். சோதித்தால் ஏ பாசிட்டிவ். அவருடைய பழைய பதிவிலோ ஓ பாசிட்டிவ். அந்தப் பதிவு இல்லாதிருந்தால் தப்பான ரத்தம் ஏறி ஆளே போயிருப்பார்.

ரத்தம் தர முடியாது என்றேன். சர்ஜன் போனிலேயே பாய்ந்தார்.

"ஆபரேஷன நிறுத்த நீ யாரும்மா?"

"யாரும் இல்ல சார். ஆனா அந்த லேபிள எழுதினது நான். அந்த ஆள நான் பாத்ததே இல்ல."

"பாக்காமயா எழுதின?"

"மூணு மாசமா எல்லாருக்கும் அப்படித்தான் சார் எழுதுறேன்."

அரை மணியில், பெட் பக்கத்திலேயே பெயர் எழுதிய புது டியூபோடு சர்ஜனே இறங்கி வந்தார். ஓ பாசிட்டிவ்தான்.

சாயங்காலம் அவர் கையெழுத்தில் நோட்டீஸ் வந்தது: பெயரில்லாத டியூப் ஏற்கப்படாது. நான் ஆறு மாதம் கேட்டது இரண்டே வரியில் முடிந்தது. கூடவே எனக்குத் தனியாக ஒரு மெமோ, நோயாளியைப் பார்க்காமல் லேபிள் எழுதியதற்காக. மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். தப்பு என்னுடையதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.