ஃபைலில் இல்லாத புரோகிராம்

அந்தப் பாலிடெக்னிக்கில் மைக்ரோபிராசசர் லேப் பரீட்சைக்கு யாரும் யோசிப்பதில்லை. சீனியர்கள் விட்டுப்போன ஃபைலை மனப்பாடம் செய்து, கிட் என்ற பயிற்சிப் பலகையில் அப்படியே தட்டிவிட்டு வருவார்கள். ஓர் எண்ணை இரும எண்ணாக எழுதினால் அதில் எத்தனை ஒன்றுகள் என்று கேட்டால், எட்டு பிட்டையும் ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் தலைக்கனம் என்று பெயர்.

1996-ல் அந்தப் பெயர் தேவிப்ரியாவுக்கு. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, வந்ததை அதே எண்ணோடு ‘ஆண்ட்’ செய்தால், அதாவது இரண்டிலும் ஒன்று உள்ள இடங்களில் மட்டும் ஒன்றை வைத்தால், ஒரே ஒரு ஒன்று உதிரும். எல்லாம் உதிர எத்தனை சுற்று என்று எண்ணினால் விடை. சாந்த்ராகாச்சி லோக்கல் ரயிலில் நின்றபடி அவளே யோசித்துக் கண்டது. பரீட்சையில் அதையே அசெம்பிளி மொழியில் எழுதித் தட்டினாள்.

வெளி எக்ஸாமினர் சேஷாத்ரி காளிகாட்டில் குடியிருக்கும் தமிழர். விடைத்தாளில் அவள் அப்பா பெயரைப் பார்த்ததும் வங்காளத்திலிருந்து தமிழுக்கு மாறினார்.

"எட்டு தடவை சுத்தறது எங்கேம்மா?"

"தேவையில்ல சார்."

அவர் பூஜ்யத்தைப் போட்டு ஓட்டினார். ஒன்றுகளே இல்லாத எண்ணுக்கு, திரையில் 01 என்று வந்தது.

"பாத்தியா? நம்ம பொண்ணாச்சேன்னு சொல்றேன். ஃபைல்ல இருக்கறதப் போடு, பாஸ் பண்ணி விட்டுடறேன்."

சொல்லிக்கொண்டே விடைத்தாளில் சிவப்பு மையில் ‘முறை தவறு’ என்று எழுதினார். தேவிப்ரியாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஃபெயிலானால் ஒரு வருஷம் போச்சு. ஆனால் முறையில் என்ன தவறு? முதலில் ஒரு சுற்று எண்ணிவிட்டுப் பிறகு பூஜ்யமா என்று பார்த்ததுதான் அவள் செய்த தவறு.

அந்த நேரம் பார்த்து லோட்ஷெடிங். கரண்ட் திரும்பியபோது எல்லாக் கிட்டுகளும் தட்டியதை மறந்துபோய் வெறுமையாக இருந்தன. மணியடிக்கக் கொஞ்ச நேரமே பாக்கி. பக்கத்து மேஜை சிவராஜ் தன் ஃபைலை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இதப் பாத்து தட்டு. வீம்பு பண்ற நேரமா இது?"

"வீம்புதான். நீயே வச்சுக்க."

பூஜ்யமா என்ற கேள்வியை முதல் வரிக்குக் கொண்டுவந்தாள். அதனால் பின்னால் வரும் மெமரி முகவரிகளெல்லாம் தள்ளிப்போயின. ஒவ்வொன்றையும் புதிதாகக் கணக்கிட்டுத் தட்டினாள்.

"இப்ப போடுங்க சார்."

பூஜ்யத்துக்கு 00. எட்டும் ஒன்றாக இருந்த எண்ணுக்கு 08. சேஷாத்ரி தானாக இன்னும் இரண்டு எண்களைப் போட்டுப் பார்த்தார், இரண்டும் சரி.

"சரி, வேலை செய்யறது. ஆனா ஃபைல்ல இல்லாததுக்கு முழு மார்க் போட முடியாதும்மா."

"பாஸ் மார்க்கே போடுங்க சார். ‘முறை தவறு’ன்னு எழுதினத மட்டும் அடிச்சுடுங்க."

"அதனால உனக்கு என்ன ஆகப்போறது?"

"பொய் சார் அது. எம்பேருக்குக் கீழ இருக்கு."

மணியடித்தது. தேவிப்ரியா எழுந்திருக்கவில்லை. சேஷாத்ரி பேனாவின் மூடியைத் திறந்து, தான் எழுதியதன்மேல் சிவப்பாக ஒரு கோடு போட்டார்.