பந்தியில் போட்ட ஊசி

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. மற்ற ஆறு நாளும் ஹாவேரியிலிருந்து பேடகி வழியாகப் போகிற அரசுப் பேருந்தில் கண்டக்டர். வியாழனன்று மட்டும் மாவட்ட ஆஸ்பத்திரியில், குழந்தைகள் பிரிவுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அதற்குச் சம்பளம் கிடையாது. என் மகள் ஸ்பூர்த்திக்கு எட்டு வயதில் சர்க்கரை நோய் வந்தபோது இதே பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அழுதவள் நான். அது நடந்து பதினொரு வருடம். டாக்டரம்மா மறக்கவில்லை. "புதுசா வர்ற அம்மாங்களுக்கு நான் பத்து தடவ சொல்றதவிட நீ ஒரு தடவ சொன்னா உறைக்கும், ஷைலா. வாயேன்" என்றார். போக ஆரம்பித்தேன்.

குசுமா அங்கே வந்தது போன மழைக்காலத்தில். பேடகிக்காரி, இருபத்தேழு வயது இருக்கும். மிளகாய் மண்டியில் வேலை செய்யும் கணவன். ஒரே மகள் சிஞ்சனா, ஏழு வயது. ஒரு மாதமாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருக்கிறாள் குழந்தை. படுக்கையை நனைத்ததற்கு வீட்டில் திட்டும் வாங்கியிருக்கிறாள். எலும்பும் தோலுமாகி, வாந்தி எடுத்து, மூச்சு இரைக்க இரைக்கத் தூக்கி வந்தபோது கிட்டத்தட்ட நினைவே இல்லை. நான்கு நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த ஊசிய எத்தனை மாசம் போடணும்?" இதுதான் குசுமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"மாசக் கணக்கே கிடையாது தங்கச்சி. தினம் நாலு வேளை. அவ இருக்கற வரைக்கும்."

அழுவாள் என்று நினைத்து முந்தானையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. "நான் ஏதாவது தப்பாக் குடுத்துட்டேனா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. இனிப்பு குடுத்ததால வரல. நீ பட்டினி போட்டாலும் போகாது. அவ உடம்புல இன்சுலின் சுரக்கறது நின்னு போச்சு. அத நாம வெளியில இருந்து குடுக்கறோம், அவ்வளவுதான்."

சிரிஞ்சில் மருந்தை எப்படி இழுப்பது, வயிற்றில் இடம் மாற்றி மாற்றி எப்படிப் போடுவது, ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்சட்டியில் ஈரமணல் போட்டு மருந்தை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது, எல்லாம் காட்டினேன். "முதல்ல எனக்குப் போட்டுக்கறேன். எவ்வளவு வலிக்குதுன்னு தெரியாம அவளுக்கு எப்படிப் போடறது?" என்றாள். நர்ஸ் வெறும் உப்புநீரை இழுத்துக் கொடுத்தாள். சேலையை ஒதுக்கித் தன் வயிற்றில் குத்திக்கொண்டு, "எறும்பு கடிச்ச மாதிரி" என்று மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுடைய மாமியார் கௌரவ்வா வேறு கவலையில் இருந்தார். அவருடைய மகள் ரேகாவுக்கு ராணிபென்னூரில் நல்ல இடம் கூடி வந்திருந்தது. "பொம்பளப் புள்ளைக்கு சர்க்கரையாம். வெளிய தெரிஞ்சா இவளையும் எவனும் கட்ட மாட்டான், ரேகாவோட சம்பந்தமும் நின்னுடும். நீங்களே சொல்லுங்கம்மா" என்று என்னைத் துணைக்கு இழுத்தார்.

நானும் சொன்னேன். அதை இன்று மறைக்கப்போவதில்லை. "அத்தை சொல்றதுல தப்பில்ல, குசுமா. என் பொண்ணுக்கு இருக்கறது எங்க தெருவுலயே யாருக்கும் தெரியாது. விசேஷத்துக்குப் போனா பாத்ரூமுக்குள்ள போயிப் போட்டுக்குவா. யாராவது கேட்டா வயிறு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

குசுமா என்னையே பார்த்தாள். "பதினோரு வருஷமா கதவச் சாத்திக்கிட்டுப் போட்டா, அந்தப் பொண்ணு தன்னப் பத்தி என்ன நெனச்சுக்கும் அக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. "நாலு நாள் ஆஸ்பத்திரில இருந்துட்டு எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றேன். அவள் மருந்துப் பையைக் கட்டினாள்.

ரேகாவின் நிச்சயதார்த்தம் வீட்டிலேயே நடந்தது. பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றிருந்தார்கள். மிளகாய் மூட்டை அடுக்கிய பின்னறையில் சிஞ்சனாவை உட்கார வைத்து ஊசி போட்டுவிட்டாள் குசுமா. ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். ஆனால் மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் பஞ்சர். "அவங்க வந்து உட்காராம இலை போடக்கூடாது" என்றுவிட்டார் கௌரவ்வா. பத்தே நிமிஷத்தில் வேன் வருகிறது என்று யாரோ சொன்னதை நம்பினாள் குசுமா. அதற்குள் அவளைச் சர்பத் கலக்க இழுத்துப்போனார்கள். சிறிது நேரம் கழித்து ஓடிப்போய்ப் பார்த்தால், குழந்தை மூட்டையில் சாய்ந்து கிடக்கிறாள். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது.

குசுமாவின் போன் வந்தபோது என் பேருந்து மோட்டேபென்னூர் நிறுத்தத்தில் நின்றிருந்தது.

"முழுங்குறாளா?" என்றேன்.

"முழுங்குறா அக்கா."

"சர்க்கரைத் தண்ணி குடு. ரெண்டு கரண்டி, மூணு கரண்டி, யோசிக்காத. போன வச்சிடாத."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ஷைலக்கா, நேரமாச்சு. விசில் குடு."

"வண்டி நிக்கட்டும்."

"ஜனங்க சத்தம் போடறாங்க."

"போடட்டும். நான் சொல்ற வரைக்கும் நிக்கட்டும்."

கால் மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தார்கள். அளவு ஏறியிருந்தது. குழந்தை கண்ணைத் திறந்து நன்றாகப் பேசினாள். அவள் பேசியது போனில் எனக்கும் கேட்டது.

"ஏன்டா கண்ணு அம்மாவக் கூப்புடல?"

"வெளிய வரக்கூடாது, யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல. அதான்."

நான் விசில் கொடுத்தேன். அன்று முழுக்க யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்து டிக்கெட் கொடுக்க முடியவில்லை. அந்த யோசனையைச் சொன்னது நான்தானே.

அடுத்த வியாழன் குசுமா வந்தாள். "கல்யாணத்துக்கு வாங்கக்கா. ஸ்பூர்த்தியையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். குரலிலேயே தெரிந்தது, ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று.

ராணிபென்னூரில் மண்டபம். காலையில் தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தி. பெரிய கூடம், எதிரும் புதிருமாக வரிசைகள். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த வரிசைக்கு நட்டநடுவில் மகளோடு வந்து உட்கார்ந்தாள் குசுமா. நானும் ஸ்பூர்த்தியும் எதிர்வரிசையில். சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், கோசம்பரி, போளி என்று எல்லாம் இலையில் விழும்வரை குசுமா காத்திருந்தாள். பிறகு பையைத் திறந்து மகளின் விரலில் குத்தி அளவு பார்த்தாள். மருந்தை இழுத்தாள். சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியை வைத்தாள்.

பக்கத்து இலைகளில் பேச்சு நின்றது. கையில் நெய்க் கிண்ணத்தோடு கௌரவ்வா விரைந்து வந்தார்.

"உள்ள கூட்டிட்டுப் போடி. எல்லாரும் பாக்கறாங்க."

"சாப்பாடு இங்கதானே இருக்கு அத்தை. ஊசியும் இங்கதான்."

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி குனிந்து கேட்டாள். "என்னம்மா இது, இத்தனூண்டு குழந்தைக்கு?"

"இன்சுலின்மா. இவளுக்கு சர்க்கரை நோய்."

"அடப் பாவமே."

"பாவம்லாம் வேண்டாம்மா. பசியா இருக்கா, அந்தத் தண்ணி டம்ளர மட்டும் இப்படித் தள்ளி வைங்க."

"சர்க்கரைன்னா போளி எதுக்கு?" என்றது இன்னொரு குரல்.

"போளிக்கும் சேத்துத்தான் ஊசி."

யாரோ சிரித்தார்கள். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா இலையை விட்டு எழுந்துவிட்டார். "இத நிச்சயத்துல ஏன் சொல்லல? இப்படி ஒரு நோய மறைச்சுப் பொண்ணு குடுத்திருக்கீங்க."

"சொல்லியிருக்கணும், தப்புதான்" என்றாள் குசுமா. எழுந்திருக்கவில்லை. மகளுக்கு ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டே பேசினாள். "உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு அன்னைக்கு இவள மூட்டை ரூம்ல உக்கார வச்சோம். சாகப் பாத்தா. இனிமே யாருக்காகவும் மறைக்கறதா இல்ல. இது தொத்தற நோய் இல்ல. ரேகாவுக்கு இல்ல. சந்தேகம்னா டாக்டரம்மா நம்பர் தர்றேன், இப்பவே கேளுங்க."

"இவ பேச்சக் கேக்கணும்னு எங்களுக்கென்ன தலையெழுத்து?" என்று அவர் மேடைப் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் மாப்பிள்ளையே மாலையோடு இறங்கி வந்தான்.

"பெரியப்பா, உக்காருங்க. ரேகா நிச்சயம் முடிஞ்ச அன்னைக்கே போன்ல எனக்குச் சொல்லிட்டா. எனக்குத் தெரியும்."

கௌரவ்வா மகளைத் திரும்பிப் பார்த்தார். ரேகா மேடையில் தலை குனியாமல் நின்றிருந்தாள். பெரியப்பா உட்கார்ந்தார். "ஊசியோட உக்காந்து சாப்புடற வீட்ட இப்பத்தான் பாக்கறேன்" என்று முணுமுணுத்தார்.

அப்போது நான் எழுந்தேன். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை. "இன்னொரு வீட்டையும் பாத்துக்கங்க ஐயா. என் பொண்ணுக்கும் இருக்கு. பதினோரு வருஷமா."

ஸ்பூர்த்தி வழக்கம்போலக் கைப்பையை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குக் கிளம்பப் பாதி எழுந்திருந்தாள். என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்து, பையைத் திறந்து, அத்தனை பேர் முன்னால் போட்டுக்கொண்டாள். "சாம்பார் ஊத்துங்க" என்றாள் பரிமாறுகிறவரிடம். என் கண்ணைப் பார்க்காமல், "ரொம்ப லேட்டும்மா நீ" என்றாள். அது சாப்பாட்டுக்குச் சொன்னதில்லை.

கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள். கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினாள். "என் தங்கச்சி பையன், நாலு வயசு. தண்ணி தண்ணின்னு குடிச்சான், இளைச்சான், மூச்சு வாங்கினான். காத்து கருப்புன்னு மந்திரிச்சோம். மூணாம் நாள் போயிட்டான். அது இதுதானா?"

"இருக்கலாம்மா. நான் டாக்டர் இல்ல" என்றேன்.

கௌரவ்வா அன்றிலிருந்து மருமகளோடு பேசவில்லை. நான்கு மாதம் ஆகிறது. ஆனால் பேத்தியின் மண்சட்டியில் மணல் காய்ந்தால் அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறாராம். "பேசாம ஊத்தறாங்க அக்கா. நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்" என்றாள் குசுமா. ஸ்பூர்த்திக்கு ஒரு வரன் வந்தது. நோயை முதலிலேயே சொன்னேன். காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. ஸ்பூர்த்திதான், "அந்த மூணு காபிய யாரும்மா குடிக்கறது?" என்று கேட்டாள்.

குசுமா இப்போது வியாழக்கிழமைகளில் என்னோடு பெஞ்சில் உட்காருகிறாள். போன வாரம் மாப்பிள்ளையின் அத்தை ராணிபென்னூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். அவள் தெருவிலிருக்கும் ஒரு தம்பதியை, தண்ணீராகக் குடிக்கிற அவர்களுடைய மூன்று வயது மகளோடு, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்திருந்தாள். வாந்தி தொடங்கும் முன்பே வந்துவிட்டதால் குழந்தை தீவிர சிகிச்சைக்குப் போகவில்லை. சோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இளம் தாய் என் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, இத வெளிய சொல்லலாமா?"

குசுமா என்னைப் பார்த்தாள்.

"ஊருக்கே சொல்லு" என்றேன். "முதல்ல அங்கன்வாடி டீச்சருக்குச் சொல்லு."