பாட்டில்லாத ரெய்டு

விளம்பரப் படம் எடுக்க வந்தவர் காலையிலிருந்து ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "வாயைத் தெறக்காதம்மா. சத்தத்தை அப்புறமா நாங்க சேத்துக்கறோம்."

பூங்குழலி வாயை மூடிக்கொண்டு குனிந்தாள். கபடி ஆடும் ரப்பர் மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினாள். "இன்னொரு வாட்டி" என்றார். மறுபடியும் தாண்டினாள். மதியத்துக்குள் உடம்பு தானாகவே குனிந்தது, தானாகவே ஓடியது. அவள் எங்கோ தள்ளி நின்று அதை வேடிக்கை பார்ப்பது போலிருந்தது.

காட்பாடிப் பக்கம் இருந்த அந்தத் தனியார் கல்லூரியின் பெண்கள் கபடி அணிக்கு இந்த வருடம் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்று ஸ்பான்சர். பனியனில் கம்பெனியின் பெயர், மேட்டின் நடுவில் அதன் சின்னம், கல்லூரிப் பேருந்தின் பின்புறம் பூங்குழலியின் முகம். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்துப் பெண் அவள். அணியில் இருக்கும்வரை படிப்பும் விடுதியும் இலவசம். அணியை விட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கேப்டன் சஹர் மட்டும் படப்பிடிப்புக்கு வரவில்லை. காலைப் பிடித்தாளென்றால் யாரும் திமிற முடியாது, அப்படிப்பட்ட பிடி அவளுடையது.

"பாடாம கோட்டைத் தாண்டுறதா? இன்னாடி இது, லைப்ரரில ஆடுற கபடியா?" என்று சிரித்துவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே வேலூரில் இறுதிப் போட்டி. சஹர் பிடித்த பிடிகளால்தான் புள்ளிகள் சமமாக நின்றன. கடைசி ரெய்டு பூங்குழலிக்கு. குனிந்தாள், மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், ஓடினாள். சுற்றிலும் இருந்த இரைச்சல் தண்ணீருக்கு அடியில் கேட்பது போல மங்கிப்போனது. அழகாகக்கூட இருந்தது. அப்புறம் விசில்.

நடுவர் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். 'கபடி கபடி' என்ற பாட்டு இல்லாமல் கோட்டைத் தாண்டியிருந்தாள். எதிரணிக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியோடு ஆட்டம் முடிந்தது.

பேருந்தில் சஹர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாட்டு எங்கடி? ஹாஸ்டல்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

 பூங்குழலி மனதுக்குள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் பயிற்சியாளர் ஜெயசீலன் கூப்பிட்டனுப்பினார். அறையில் கம்பெனிக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தோத்துட்டோம் சார்" என்றாள் பூங்குழலி.

"அத்த வுடும்மா. விளம்பர வீடியோ சும்மா பிச்சிக்கினு போவுது. அடுத்த வருசமும் நீதான் நம்ம முகம்." கம்பெனிக்காரர் பிறகு ஜெயசீலனிடம் திரும்பினார். "ஷூட்டிங்குக்குக் கூப்ட்டா வராத பொண்ணுக்கு நாங்க எதுக்கு சார் ஃபீஸ் கட்டணும்? அந்த எடத்துல வேற ஆளைப் போடுங்க."

"சஹர் இல்லன்னா நம்மகிட்ட பிடிக்க ஆளே இல்ல சார். அடுத்த வருசம் ஜெயிக்க முடியாது."

"ஜெயிக்கறதுக்கா பணம் குடுக்கறோம்?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

 ஜெயசீலன் பூங்குழலியைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற? இனிமே கேப்டன் நீதான்."

சொல்ல வேண்டியது பூங்குழலிக்குத் தெரிந்திருந்தது. அது தொண்டை வரை வந்ததும் தெரிந்தது. "சரி சார்" என்றாள்.

விடுதி அறையில் சஹர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஊருக்குப் போக ஆம்பூர் பஸ்.

"நீ அங்கதான் இருந்தியாமே?"

"ம்."

"எதுனா சொன்னியா?"

"இல்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணும் சொல்லல."

சஹர் பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. இருவரும் சேர்ந்து பிடித்து இழுத்து மூடினார்கள்.

"இந்தா, உன் முட்டிக் கேப். எங்கிட்டயே கெடந்துச்சு" என்றாள் சஹர். வாசலில் ஒருமுறை திரும்பினாள். "சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல."

"போய் சாப்டு."

அவள் போனபிறகு பூங்குழலி மைதானத்துக்கு வந்தாள். யாருமில்லை. குனிந்து மேட்டைத் தொட்டாள். "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போனாள். பிடிக்க ஆளில்லாத மூலைவரை போய்த் திரும்பினாள். பாட்டு எங்கும் அறுபடவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை.

மெஸ்ஸில் மணி அடித்தது. சாப்பிடப் போனாள்.