பெலிசாவின் சம்மதம்

பெலிசா பாவசங்கீர்த்தனம் செய்யும்போது லூதிவினா பாட வேண்டும். முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். இடுப்பில் ஒட்டிப் பிறந்தவர்களில் ஒருத்தியை மட்டும் வெளியே போய் நில் என்று சொல்லவா முடியும்? பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஒருத்தி பாவங்களைச் சொல்ல, மற்றவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, காதைப் பொத்திக்கொண்டு மாதா பாட்டு பாடுவாள். மீறி ஏதாவது காதில் விழுந்துவிட்டால் அது கல்லறை வரைக்கும் வெளியே வரக்கூடாது. சாமியாரின் வாயைக் கட்டும் ரகசியம் கேட்டவளின் வாயையும் கட்டும் என்று சின்ன வயதிலேயே மிரட்டி வைத்திருந்தார்கள். போஹோல் தீவின் அந்தக் கடலோர ஊருக்கு இது பழகிப்போன சங்கதி. சனிக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்டால் மீன்காரிகள், "இன்னைக்கு யாரு பாவம் நீளம்?" என்று சிரிப்பார்கள்.

லூதிவினாவுக்குக் கன்னியர் மடம்தான் உயிர். பொம்மைக்குக்கூட முக்காடு போட்டு விளையாடியவள். பெலிசாவுக்கோ டெரியோ. படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், நகத்தில் எப்போதும் கிரீஸ். அவன் பெண் கேட்டு வந்தபோது ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமாடா?" என்றார்கள்.  அவன் மறுநாளும் வந்தான்.

கல்யாணமா மடமா என்று எழுதிக் கேட்டதற்கு ஆயர் இல்லத்திலிருந்து பதில் வர ஒரு வருடம் ஆனது. பங்குச் சாமியார் அன்செல்மோ இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"பெலிசா கல்யாணம் பண்ணிக்கலாம், சட்டத்துல தடை இல்ல. ஆனா லூதி, அந்தக் கட்டில்ல நீயும் படுக்கணும். நீ மனசார சரின்னு சொல்லாம நான் கல்யாணம் நடத்த மாட்டேன். மடத்துக்கும் அதே கதைதான். இவ மனசார வராம உன்னைச் சேர்க்க மாட்டாங்க. வார்த்தைப்பாடு அவங்கவங்க வாயிலேருந்து வரணும்."

"ஆம்பள படுத்திருக்கிற கட்டில்ல நான் ஜெபமாலை உருட்டணுமா ஃபாதர்?" என்றாள் லூதிவினா. அதோடு சரி. பெலிசா கெஞ்சினாள், அழுதாள், பட்டினி கிடந்தாள். இவள் பட்டினி கிடந்தால் அவளுக்கும்தான் தலை சுற்றியது, ஆனாலும் லூதிவினா மசியவில்லை. ஒருத்திக்கு மாப்பிள்ளை, இன்னொருத்திக்கு மானக்கேடா என்பது அவள் கட்சி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கடைசியில் தவக்காலத்தில் ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்த பெலிசா, "சரி, மடத்துக்கே போலாம்" என்றாள். லூதிவினா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெலிசா துணியை மடித்து முடித்தாள்.

இருவரின் சம்மதத்தையும் நேரில் கேட்க மடத்துத் தலைவி மதர் வெனான்சியா வரும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, பெலிசா முழந்தாளிட்டாள். லூதிவினா பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் பாட்டு நின்றது. மூச்சு வாங்குவதற்காக அல்ல, அவளாகத்தான் நிறுத்தினாள். கையையும் காதிலிருந்து எடுத்தாள்.

"நான் மனசார போகல ஃபாதர்," என்றது தங்கை பெலிசாவின் குரல். "நாளைக்குப் பொய்தான் சொல்லப் போறேன். அவ சாகணும்னு வேண்டிக்கிட்டேன். அவ போனா அரைநாள்ல நானும் போயிடுவேன், தெரியும். அந்த அரைநாள் போதும் எனக்கு. டெரியோ பக்கத்துல, நான் மட்டும்."

சாமியார் பெலிசாவின் பக்கம் குனிந்தார். பிறகு, "நாளைக்கு உண்மையைச் சொல்றேன்னு இப்ப சொல்லு. இல்லேன்னா என்னால மன்னிப்பு குடுக்க முடியாது," என்றார். பெலிசா மன்னிப்பு வாங்காமலே எழுந்தாள். லூதிவினா அவசரமாக மூன்றாவது அடியைப் பிடித்துச் சத்தமாகப் பாடினாள்.

மறுநாள் பூசை முடிந்து மதர் வெனான்சியா பங்கு வீட்டில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். அன்செல்மோ சுவரோரம் நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைக் கண்ணால்கூடக் காட்டிக்கொள்ள அவருக்கு அனுமதி இல்லை, அதனால் தரையைப் பார்த்தார்.

"நீ மனசார வரியாம்மா?" என்று மதர் பெலிசாவைக் கேட்டார்.

பெலிசா கழுத்து திரும்பும் மட்டும் திரும்பி அக்காவைப் பார்த்தாள். "இவளைக் கேளுங்க மதர். என்னைப் பத்தி என்னைவிட இவளுக்குத்தான் நல்லாத் தெரியும்."

மதர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். "நீ சொல்லு லூதிவினா. தங்கச்சி மனசுல ஏதாச்சும் தடை உண்டா?"

நேற்றுக் காதில் விழுந்ததை லூதிவினா சொல்லக்கூடாது. அது சட்டம், அதில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால், 'எனக்கு மடம் வேண்டாம் மதர்' என்று சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதைச் சொன்னால் எந்த ரகசியமும் உடையாது, எல்லாம் அத்துடன் முடிந்துவிடும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அப்போது மதரின் வெள்ளை உடுப்பையும், இடுப்பில் தொங்கிய பெரிய ஜெபமாலையையும் பார்த்தாள்.

"ஒரு தடையும் இல்ல மதர். சந்தோஷமாத்தான் வரா."

"அப்படியா பெலிசா?"

"அவ சொன்னா சரி," என்றாள் பெலிசா. அன்செல்மோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் பெலிசா வேகமாக நடந்தாள். லூதிவினா இழுபட்டாள்.

"மெதுவாப் போடி, விழுந்துடுவோம்."

"நேத்து நீ பாட்டை நிறுத்தின. கை எடுத்ததும் தெரிஞ்சுது," என்றாள் பெலிசா. "நிறுத்தின பிறகுதான் நான் சொல்லவே ஆரம்பிச்சேன். ஃபாதருக்காகவா சொன்னேன்?"

 லூதிவினா ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று தவித்தாள். அதற்குள் கடற்கரைச் சுவர் வந்துவிட்டது. அங்கே டெரியோ உட்கார்ந்திருந்தான். நல்ல சட்டை போட்டு, நகமெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தான். இந்த நிமிடம் வரைக்கும் மதர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றே நம்பிக்கொண்டிருந்தவன் அவன்.

"இவன்கிட்டயும் நீயே சொல்லு," என்றாள் பெலிசா, கடலைப் பார்த்துக்கொண்டு.

டெரியோ எழுந்தான். சுவர்மேல் மூன்று இளநீர் சீவி வைத்திருந்தான். அதில் பெரியதை இரண்டு கைகளாலும் எடுத்து, சிந்தாமல், லூதிவினாவிடம் நீட்டினான்.

"முதல்ல நீங்க குடிங்கக்கா."