நாலாவது கண்ணி

ஒரு மூத்தவாப்பாவைப் புகழ்ந்து பாட, இரண்டு வரிக் கண்ணி ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பாட்டுக் கட்டும் வில்பிரட் கேட்ட விலை அது. அந்த வில்பிரட் இப்போது பள்ளிவாசல் கேற்றுக்கு வெளியே, ஒரு கையில் மடக்கிய குடையோடு, மறு கையை உயர்த்தியபடி நின்றார்.

ஜனாஸாத் தொழுகைக்கு வரிசைகள் நின்றுவிட்டன. மாமனாரைக் கிடத்தியிருந்த சந்தூக்குக்குப் பக்கத்தில் நின்று மிஹ்லார் அப்போதுதான் வழக்கப்படி அறிவித்திருந்தான்.

"அப்துல் ஸமட் ஹாஜியாரோட ஆருக்காவது குடுக்கல் வாங்கல் இரிந்தா என்னட்டச் செல்லுங்க. நான் பொறுப்பு."

"அவர் எனக்கு ஒண்டும் தரத் தேவல்ல, தம்பி," என்றார் வில்பிரட், மதிலுக்கு மேலால். "நான்தான் அவருக்கு ஒரு கண்ணி குடுக்கணும்."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"தொழுதிட்டு வாறன், நில்லுங்க," என்றான் மிஹ்லார்.

பாட்டு, கட்டாரில் இருக்கும் மிஹ்லாரின் மகள் சிபானாவின் யோசனை. தாயின் தகப்பனான மூத்தவாப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டதும் தொலைபேசியில் அழுதாள். "அவரப் பத்தி ஒரு பாட்டுக் கட்டி, அவர் கேக்கப் படிக்க வைங்க வாப்பா. மௌத்தானப் பொறகு படிச்சு என்னத்துக்கு?" கல்முனையில் கலியாணத்துக்கும் பள்ளிக்கூட விழாவுக்கும் பாட்டுக் கட்டுகிறவர் வில்பிரட். மிஹ்லார் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

படுக்கையில் கிடந்த ஹாஜியார் முதல் கண்ணியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தாடி வெள்ளை, மனசும் வெள்ளையா? தாடி சரி. மனசு வெள்ளையெண்டு ஒங்களுக்கு ஆரு சென்ன? நாப்பது வரிசம் கடையில சாறன் வித்தவன் நான்."

"பாட்டுக்கு ஒரு அழகுக்குத்தான், ஹாஜியார்."

"பொய். பொய் ஒண்டுக்கு ஐநூறு கழிங்க."

இரண்டாவது கண்ணியில் அவர் பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கித் திரிந்தார். "ஒண்டையும் தூக்கல்ல. எனக்கு நாரி நோவு, குனிய ஏலா. கடையில இரித்தி தின்ன டொபி குடுத்தன். அதப் போடுங்க." மூன்றாவதில் கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதில்லை. "செல்லிரிக்கன். ஊரே சாட்சி."

மொத்தம் ஐந்து பொய். இரண்டாயிரத்து ஐந்நூறு கழிந்து, மூன்று கண்ணியும் இரண்டாயிரத்துக்கு முடிந்தன. பாட்டு தன்னைப் பற்றியது என்பதால் காசும் தானேதான் கொடுப்பாராம். தலையணைக்கடியிலிருந்து எடுத்து இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார். டொபி வந்த கண்ணியைக் கேட்டுச் சிபானா தொலைபேசிக்குள் சிரித்தாள். ஹாஜியாரும் சிரித்தார், இருமல் வரும்வரை.

நாலாவது கண்ணிக்கு அறையிலிருந்த எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அதையும் மிஹ்லாரிடம் நேரே சொல்லவில்லை, அவன் மனைவியான தன் மகளிடம்தான் சொன்னார். "ஹாஜறா, உன்ட மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ."

இருபத்தாறு வருடமும் அப்படித்தான். மிஹ்லார் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனார் அவனோடு கதைப்பதெல்லாம் மகள் வழியாக. மாமனார் மருமகன் மரியாதை. நல்ல சொல்லோ கெட்ட சொல்லோ, ஒன்றும் நேரே வந்ததில்லை. கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியவன் மிஹ்லார்தான். அப்போதும், ஹாஜறா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்க, "ஹாஜறா, தண்ணி சூடெண்டு செல்லு," என்பார். மிஹ்லாரும் பச்சைத் தண்ணீர் கலந்துவிட்டு, "இப்ப சரியா எண்டு கேளு, ஹாஜறா," என்பான்.

அந்தக் கண்ணி, முன்பே மௌத்தாகிவிட்ட மாமனாரின் மனைவி, மாமி பாத்தும்மாவைப் பற்றியதாக இருக்கும் என்று மிஹ்லார் நினைத்தான். அதைக் கேட்காமல் அவர் போய்விடக் கூடாது என்று ஒரு நாளைக்கு மூன்று தரம் வில்பிரட்டுக்கு அழைத்தான்.

"உண்மைய வச்சுக் கட்டச் சொல்லிட்டார், தம்பி. பொய்யெண்டா அண்டைக்கே தந்திருப்பன்."

நேற்றுத்தான், "முடிஞ்சிது, நாளைக்குக் காலம வாறன்," என்றார். இன்று விடியற்காலை சுபஹ் பாங்கு சொல்லும்போது, மிஹ்லார் கரண்டியால் ஊற்றிய தண்ணீரில் பாதியை விழுங்கி, மீதியை வாயோரம் வழியவிட்டு ஹாஜியார் அடங்கிப்போனார்.

மையவாடியில் மண் போட்டுவிட்டு வந்தபோதும் வில்பிரட் கேற்றடியில்தான் நின்றார்.

"பிந்திப் போனன், தம்பி."

"மாமியப் பத்தினதுதானே?"

"இல்ல. உங்களப் பத்தினது. உங்கட புள்ளைகள் படிக்கிற மாதிரிக் கட்டச் சொன்னார்."

சனம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. வில்பிரட் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் படித்தார்.

தூங்கிறார் எண்டு நெனச்சு நகம் வெட்டின வாப்பாவே,
தூங்கல்ல மூத்தவாப்பா, கையத் தந்து கிடந்தாரே.

விழித்திருந்தால் மாமனார் கூசுவார் என்று, வெள்ளிக்கிழமைகளில் குறட்டைச் சத்தம் கேட்ட பிறகுதான் மிஹ்லார் நகவெட்டியோடு உள்ளே போவான். ஒவ்வொரு வெள்ளியும் நேரம் தவறாமல் குறட்டை கேட்டது.

அவன் தொப்பியைக் கழற்றினான். மறுபடியும் போட்டான்.

"இதுக்கு எவ்வளவு குறைச்சார்?"

"ஆயிரத்தைநூறு கேட்டன். அப்பவே தந்தார். எண்ணக்கூட இல்ல."



"இன்னொருக்காப் படிங்க," என்றான் மிஹ்லார்.

வில்பிரட் படித்தார். முதல் தரம் படித்ததற்குக் காசு வந்திருந்தது. இரண்டாம் தரத்துக்கு இருவரும் விலை பேசவில்லை.